இரண்டு ஆம்பியர்

தேவசகாயத்தை நாற்காலியில் உட்கார வைத்தால் ஃபியூஸ் போகிறது, வேறு யாரை உட்கார வைத்தாலும் போவதில்லை. குழந்தைவேலு போனில் இப்படித்தான் சொன்னார். சம்யுக்தா நம்பவில்லை. மின்சாரத்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது. சோதனை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் அவள் கோவையிலிருந்து கிளம்பி, பல்லடத்து நெரிசலில் மாட்டி, திருப்பூர் காங்கயம் சாலைச் சோதனை நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது வரிசை படிக்கட்டைத் தாண்டித் தெருவில் நின்றது. யாரோ யாரையோ முந்தப் பார்த்ததில் சண்டை வேறு.

வரிசையில் நின்ற எல்லோருடைய நெஞ்சுக்குள்ளும் பெட்டி இருந்தது. காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஊருக்கு அது பெட்டிதான். பஞ்சுத்தூசியா, சாயமா, தூங்கவிடாத ஷிப்டா என்று ஆய்வாளர்கள் அடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே பின்னலாடைத் தொழிலாளர் பலருக்கு இதயம் தளர்ந்துபோக, அரசுக் காப்பீட்டில் ஆளுக்கொன்று வைத்துவிட்டார்கள். தளர்ந்த இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் பெட்டி கூட நின்று தள்ளிவிடும். படுக்கைக்கு அடியில் வைத்த கம்பிச்சுருளிலிருந்து ராத்திரியில் அதற்கு சார்ஜ் ஏறும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இங்கே வந்து சோதனை நாற்காலியில் சாய வேண்டும். திரையில் பச்சை வந்தால் அடையாள அட்டையில் முத்திரை. முத்திரை இல்லாதவரை எந்தக் கம்பெனியும் கேட்டுக்குள் விடாது. சிவப்பு வந்தால் பெட்டியை மாற்ற வேண்டும். அதற்கு மருத்துவமனையில் முறை வர மாதக்கணக்காகும், அதுவரை வேலை கிடையாது. ஆகையால் உயிரைப் பற்றிய கவலையை விட நிறத்தைப் பற்றிய கவலைதான் அந்த வரிசையில் அதிகம்.

"வாங்க அம்மிணி," என்று குழந்தைவேலு எழுந்து வந்தார். நிலையத்தின் பொறுப்பாளர், ரிட்டையராக இன்னும் சில வருஷம் இருந்தது. "கோளாறு லைன்லதானுங். பக்கத்து அயர்ன் கடைக்காரன் பாய்லரைப் போட்டான்னா இங்க லைட்டு மங்குதுங். ஈபி ஆபீஸ்ல சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு."

நாற்காலியில் சாய்ந்திருந்த ஆள் கையைத் தூக்கினான். நாற்பது தாண்டியவன், சட்டைப் பொத்தான்கள் திறந்திருந்தன. "மேடம், நாந்தான் தேவசகாயம். பீஸு போவுதுன்னு சொன்னாவள்ளா, அது நாந்தான்."

சம்யுக்தா சிரிக்காமல் வேலையைத் தொடங்கினாள். பிளக், வயர், எர்த். வோல்டேஜ் சரியாக இருந்தது. பாய்லர் ஓடும்போதும் அளந்து பார்த்தாள், சரியாகவே இருந்தது. பிறகு இயந்திரத்தின் முதுகுப்பக்கம் குனிந்து ஃபியூஸ் மூடியைத் திருகித் திறந்தாள். கண்ணாடிக் குழல் ஒன்று கையில் விழுந்தது. அதன் இரு முனைகளையும் இணைத்துச் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. கம்பி கருகி நடுவில் அறுந்திருந்தது.

"இது என்னங்கண்ணா?"

"பீஸுங்."

"பீஸ் எங்கீங்க இருக்குது?"

"ஒத்தை இழைதானுங் சுத்துனேன். போன மாசம் அடிக்கடி போயிட்டிருந்துச்சு. கேட்டா, புதுசு வர ஒரு வாரம் ஆகும்ங்கறாங்க. அதுவரைக்கும் அந்தச் சனத்தை என்னங் பண்றது?"

"ஒத்தை இழையா? தேர் இழுக்கற வடமாட்ட இருக்குது."

"அந்த வடத்தையே அத்துட்டேம்லா மேடம்," என்றான் தேவசகாயம்.

அவள் தன் கருவிப் பையிலிருந்து சரியான ஃபியூஸை எடுத்தாள். இரண்டு ஆம்பியர், அதற்கு மேல் போனால் உருகிவிடும். மாட்டிவிட்டு, ஆளில்லாத நாற்காலியோடு இயந்திரத்தை ஓட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. வரிசையில் முதலில் நின்ற பெண்ணை உட்கார வைத்தாள். பச்சை. அடுத்து வந்த பெரியவருக்கும் பச்சை. பிறகு தேவசகாயம் சாய்ந்தான். திரையில் பச்சை எழும்பியது, அதே நொடியில் டப்பென்று சத்தம் கேட்டு இயந்திரம் செத்தது.

"பாத்தீங்களா," என்றார் குழந்தைவேலு, ஏதோ ஜெயித்துவிட்டவர் போல.

"லைன்ல கோளாறுன்னா எல்லாருக்கும் போகணும். மெசின்ல கோளாறுன்னா சும்மா ஓட்டறப்பவே போகணும். இவருக்கு மட்டும் போகுது. அப்பக் கோளாறு இவருகிட்டதான்."

"எங்கிட்டக் கோளாறு இருக்குன்னு எம் பொண்டாட்டி சொல்லிக்கிட்டுதான் கெடக்கா. படிச்சவுகளும் அதையே சொல்லுதீயளே."

வரிசை சிரித்தது. சம்யுக்தாவின் மனம் அந்தப் பச்சையிலேயே இருந்தது. ஃபியூஸ் போகும் அளவுக்கு மின்சாரத்தை இழுக்கிற பெட்டி எப்படி நன்றாக இருக்கிறதென்று காட்ட முடியும்?

அவளுடைய கருவிப் பையில் ஒரு குண்டு பல்பு உண்டு. கடைகளில் இப்போது கிடைக்காது. ஐ.டி.ஐ. வாத்தியார் ஒருவர் பழக்கிவிட்டது. ஃபியூஸ் இருந்த இடத்தில் இரண்டு வயர்களைக் கொடுத்து நடுவில் பல்பைத் தொங்கவிட்டாள்.

"இது எதுக்குங்?" என்றார் குழந்தைவேலு.

"இனி கரண்ட்டெல்லாம் இந்தப் பல்பு வழியாத்தான் போகணும். கொஞ்சமா இழுத்தா மங்கலா எரியும். நெறைய இழுத்தா நல்லா எரியும், ஆனா ஒரு அளவுக்கு மேல விடாது. பீஸும் போகாது."

முதலில் அந்தப் பெண்ணையே திரும்ப உட்கார வைத்தாள். பல்புக்குள் இழை மட்டும் சிவந்தது, பீடி முனை போல. திரை பச்சை. பெரியவருக்கும் அப்படியே. தேவசகாயம் வந்து சாய்ந்தான். பல்பு பளீரென்று எரிந்தது; குழந்தைவேலு கண்ணை மறைத்துக்கொண்டார். திரையில் பச்சை வந்தது, நடுங்கியது, மஞ்சளானது. பிறகு அந்தச் சோதனை நிலையத்தில் யாரும் பார்க்க விரும்பாத சிவப்பு நிறைந்தது.

வரிசையில் முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்னுக்குப் போனார்கள். தேவசகாயம் மட்டும், "பல்ப அமத்துங்க மேடம், சூடா இருக்கு," என்றான்.

சம்யுக்தா படிக்கட்டுக்கு வந்து ஆதவனைப் போனில் கூப்பிட்டாள். அவளோடு படித்தவன்; இப்போது பெட்டி செய்யும் கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் மென்பொருள் பார்க்கிறான். நடந்ததைச் சொன்னாள்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். சம்யு, ஒண்ணு சொல்றேன், என் பேரு வர வேணாம். அந்தப் பெட்டி உன் நாற்காலியிலேருந்து கரண்ட்டை உறிஞ்சி, அதையே தன் பேட்டரின்னு காட்டுது. பேட்டரி நல்லா இருந்தா கொஞ்சூண்டு உறிஞ்சினா போதும். சாகப் போற பேட்டரின்னா மொத்தமா உறிஞ்சணும். அதான் உன் பீஸ் போகுது."

"யாருடா இப்படி எழுதி வெச்சது?"

"யாரும் எழுதல. சத்தியமா. எல்லாப் பெட்டியும் ராத்திரி சார்ஜ் ஏறும்போது ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும். எப்படி ஓடினா நல்லதுன்னு தானாக் கத்துக்கும். அதைச் சொல்லித்தானே நாங்க வித்தோம். பாஸான பெட்டி உடம்புல இருக்கும், ஃபெயிலானதை எடுத்துக் குப்பைல போட்டுருவோம். இத்தனை வருஷத்துல அது என்ன கத்துக்கும், நீயே சொல்லு. பாஸாகத்தான் கத்துக்கும்."

"இதயம்?"

"இதயத்தைக் காப்பாத்துன்னு சொல்லிக் குடுத்தோம். ஆனா மார்க்கு போட்டது நாற்காலிதான்."

அவள் உள்ளே திரும்பியபோது தேவசகாயம் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, குழந்தைவேலுவோடு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். சற்றுமுன் கேலி பேசியவன் முகம் இல்லை அது.

"மேடம், பல்பக் கழட்டிட்டுப் பழையபடி கம்பியச் சுத்துங்க. ரெண்டு இழையாச் சுத்துங்க. போவாது."

"உங்க பேட்டரி முடிஞ்சு போச்சுங்க."

"இருக்கட்டும். சாத்தாங்குளத்துலேருந்து வந்து பதினெட்டு வருசமா நிட்டிங் மிசின்ல கெடந்து, இந்த மாசந்தான் ஃபோர்மேன் ஆக்கிருக்கான். நாலு மாசம் வூட்ல இருந்தா அந்த எடம் எனக்காவக் காத்துக்கிட்டா இருக்கும்? நல்லாத்தான மேடம் இருக்கேன். இந்த மாடி ஏறித்தான வந்தேன்?"

"ஏறும்போது எத்தன எடத்துல நின்னீங்க?"

அவன் குழந்தைவேலுவைப் பார்த்தான். "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க."

குழந்தைவேலு அந்தக் கருகிய குழலை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"மயிலாத்தாளுக்கும் அடிக்கடி பீஸு போச்சுங்," என்றார் மெதுவாக. "செக்கிங் வேலைக்குப் போயிட்டிருந்துச்சு. அன்னைக்கு அதுக்காகத்தானுங் மொதல்ல கம்பி சுத்துனேன். பச்சை வந்துச்சு. முத்திரை குத்தி அனுப்புனேன். அந்த வாரமே கம்பெனி பஸ்ஸுல உக்காந்தபடியே போயிருச்சு. பெட்டி நல்லாத்தான இருந்துச்சு, விதின்னு நெனச்சனுங்." அவர் குழலை மேஜையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. "தேவா, நீ போய் ஆட்டோல ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போ."

"அண்ணாச்சி..."

"ஏறுன்னு சொல்றேனல்ல!"

தேவசகாயம் போனான். கைப்பிடிச் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று இறங்கினான்.

மதியத்துக்குள் சம்யுக்தா வரிசை முழுவதையும் பல்பு வைத்துப் பார்த்துவிட்டாள். பெரும்பாலோருக்குப் பீடி முனை. சிலருக்குத்தான் பல்பு எரிந்தது. அவர்களைத் தனியாக உட்கார வைத்தாள். அவர்களில் துளசிமணி என்ற தையல்காரப் பெண்ணுக்கு மட்டும் எந்தப் பக்கம் சொல்வதென்று தெரியவில்லை. பல்பு பாதி வெளிச்சத்தில் நின்றது, திரை பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஆடியது. "நாளைக்கு வாங்கக்கா, இன்னொரு தடவை பார்த்துடலாம்," என்று அவளை அனுப்பினாள்.

பிறகு தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினாள். ஃபியூஸ் போனால் அது மின்கோளாறு அல்ல, அதுதான் சோதனை முடிவு. சிவப்பு என்றே பதிய வேண்டும். எந்த நிலையத்திலும் கம்பி சுற்றக் கூடாது. பல்பின் படத்தையும் இணைத்தாள். அதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். மாலைக்குள் மாநிலம் முழுவதற்கும் சுற்றறிக்கை போய்விட்டது. மேலாளர் போன் செய்து பாராட்டினார். அவர் குரலில் வக்கீலைக் கலந்து பேசிய வாடை அடித்தது.

தேவசகாயமும் போன் செய்தான். அவசரப் பிரிவில் வைத்துப் பெட்டியை மாற்றப் போகிறார்களாம். இன்னும் ஒரு நாள் ஓடியிருந்தால் அதிசயம் என்றாராம் டாக்டர்.

"நன்றி சொல்லக் கூப்புடல மேடம்," என்றான். "ஃபோர்மேன் வேலையை எவனுக்குக் குடுத்துருக்கானுவ தெரியுமா? எங்கிட்ட வேல படிச்ச பயலுக்கு. அதைச் சொல்லத்தான் கூப்புட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "சாப்டியளா?" என்று கேட்டுவிட்டு வைத்தான்.

திருப்பூரிலேயே தங்கினாள். நன்றாகத் தூங்கினாள்.

காலையில் நிலையத்துக்கு வந்தபோது குழந்தைவேலு வாசலிலேயே நின்றார். "அம்மிணி, உங்க கை ராசிங்! காலைல தொறந்ததுலேருந்து ஒரு பீஸு போகல. ஈரோடு, கரூர், எல்லா ஊருக்கும் போன் போட்டுக் கேட்டுட்டேன். எங்கயும் போகலயாம்."

"எங்கயுமா?"

"எங்கயும். எல்லாம் பச்சை."

சம்யுக்தா பல்பைத் தொங்கவிட்டாள். ஒவ்வொருவராக வந்து சாய்ந்தார்கள். பீடி முனை. பீடி முனை. அடுத்தவருக்கும் அதுவே. நேற்று தனியாக உட்கார வைத்தவர்களில் மருத்துவமனைக்குப் போகாமல் நழுவிய இருவரும் வந்திருந்தார்கள். நேற்று அவர்களுக்குப் பல்பு எரிந்திருந்தது, இன்று இழை சிவந்ததோடு சரி. திரையில் பச்சை ஆடவில்லை, நடுங்கவில்லை. மீட்டரை வைத்தும் பார்த்தாள். பெட்டி நாற்காலியிலிருந்து எதையும் திருடவில்லை. பேட்டரி உண்மையாகவே நிறைந்திருந்தது.

செத்துக்கொண்டிருந்த பேட்டரி ஒரே ராத்திரியில் எப்படி நிறையும்? அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வயரைத் திரும்பச் செருகினாள், பல்பைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். அந்த அறையில் ஏதோ குறைந்தது, என்னவென்று பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சத்தம் என்று தெரிந்தது.

நேற்றுத் தெருவரை கேட்ட சண்டை இன்று இல்லை. வரிசையே இல்லை. வந்தவர்கள் படிகளில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்த்திருந்தார்கள். வாலிபன் ஒருவன் அடுத்தவர் தோளில் தூங்கினான். டோக்கன் கூப்பிட்டால் எழுந்து வரவே நேரமெடுத்தார்கள்.

துளசிமணி கடைசிப் படியில் இருந்தாள்.

"என்னங்கக்கா, உடம்பு சரியில்லையா?"

"தெரியலீங். விடியக்காலம் எந்திரிச்சதுலேருந்து கையுங்காலும் வெலவெலன்னு இருக்குது. அப்படியே சில்லுன்னு ஆயிருது. நேத்து நல்லாத்தானுங் இருந்தேன்." அவள் சுற்றிப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. பனி ஜாஸ்தியோ என்னமோ."

அது சித்திரை மாதம்.

சம்யுக்தா போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். "ஆதவா, இன்னைக்கு டெஸ்ட்டுன்னு பெட்டிக்குத் தெரியுமா?"

"தெரியும். தேதியை நாங்கதான் அனுப்பறோம். முந்தின ராத்திரி ஃபுல்லா சார்ஜ் ஏத்திக்கட்டும்னு."

"ஏத்திக்கல. ஏத்திக்கற நெலமைல அது இல்ல. செலவை நிறுத்திருச்சு."

"என்னது?"

"விடியக்காலத்துலேருந்து இதயத்தைத் தள்ளறதக் கொறச்சுக்கிட்டு, மிச்சம் புடிச்சு வெச்சிருக்கு. நாற்காலில வந்து காட்டறதுக்கு. நாற்காலில திருடினா மாட்டிக்குவோம்னு நேத்து அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனால இப்ப உள்ளயே திருடுது. இங்க படியில மொத்தப் பேரும் சுருண்டு உக்காந்திருக்காங்கடா."

"உடனே ரிப்போர்ட் போடு. டெஸ்ட்டுக்கு முன்னாடி எல்லாருக்கும் நாடி பாக்கணும்னு போடு," என்றான்.

"நேத்தும் ரிப்போர்ட்தான் போட்டேன். அதுக்கெப்படித் தெரிஞ்சுது?"

அவளே அதற்குப் பதிலும் சொன்னாள்.

"பீஸு போனா சிவப்புன்னு பதிஞ்சோம். பதிஞ்சதையெல்லாம் ராத்திரி அது படிக்குது. நாடி கொறஞ்சா சிவப்புன்னு இன்னைக்குப் பதிஞ்சா, நாளைக்கு வேற எங்கயாச்சும் கொறைக்கும். மூளையிலயா, கிட்னியிலயா, யாருக்குத் தெரியும்?"

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

அவள் போனை வைத்துவிட்டு மேலே வந்தாள். மேஜையில் அறிக்கைக்கான திரை திறந்தே இருந்தது. அதை மூடினாள். பிறகு சுவர் ஸ்விட்சை அணைத்து, இயந்திரத்தின் பிளக்கையும் பிடுங்கினாள். பல்பின் இழை கறுத்தது.

"என்னங் அம்மிணி, பீஸு போயிருச்சுங்களா?" என்றார் குழந்தைவேலு.

"போயிருச்சுன்னே சொல்லிடுங்கண்ணா. இன்னைக்கு டெஸ்ட் இல்லைன்னு எல்லார்கிட்டயும் சத்தமாச் சொல்லுங்க. ஆனா யாரையும் அனுப்பாதீங்க. டீ சொல்லுங்க."

"முத்திரை?"

"எல்லாருக்கும் குத்திக் குடுத்துடுங்க. சிவப்புன்னு எதுலயும் ஏத்த வேண்டாம். யாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு உங்க காதுல மட்டும் சொல்றேன். காச்சல்னோ, வயித்துவலின்னோ சொல்லிக் கூட்டிட்டுப் போங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு படிக்கட்டுக்குப் போய், இன்று சோதனை இல்லை என்று அறிவித்தார். குரல் கீழ்ப்படி வரை இறங்கியது. முனகல்கள் எழுந்தன. டீ வருகிறது என்றதும் அடங்கின.

சம்யுக்தா துளசிமணியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் இரண்டு விரலைப் படியவிட்டாள். தோல் பாத்திரம் கழுவிய கைபோல் சில்லிட்டிருந்தது. நாடி தேடித்தான் கிடைத்தது.

"டெஸ்ட்டு எடுக்கறீங்களா மேடம்?"

"டெஸ்ட்டெல்லாம் இல்லைங்கக்கா. மெசின் ரிப்பேரு. சும்மா பேசிட்டிருக்கலாம். வீட்டுல யார் யார் இருக்காங்க?"

துளசிமணி மாமியாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். காது கேட்காதாம், ஆனால் தன்னைப் பற்றிப் பேசினால் மட்டும் கேட்டுவிடுமாம். மேல்படியில் யாரோ சிரித்தார்கள். டீ வந்தது. சோதனை இல்லை என்று சொன்னதைக் கேட்கப் பெட்டிக்குக் காது உண்டா என்று சம்யுக்தாவுக்குத் தெரியாது. ஆதவனைக் கேட்டால் அவனுக்கும் தெரிந்திருக்காது.

டீ ஆறுவதற்குள், விரல்களுக்கு அடியில் நாடி மெல்ல எழுந்தது. பிறகு நிதானமாக, ஒழுங்காக, ஒன்றுமே நடக்காததுபோல அடிக்க ஆரம்பித்தது. உள்ளங்கையில் சூடு ஏறியது. தோளில் தூங்கிய வாலிபன் விழித்துக்கொண்டு, யார் தன்னை முந்தியது என்று கேட்டான்.

சம்யுக்தா விரல்களை எடுக்கவில்லை. முகத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. "அப்புறம் என்னங்கக்கா சொன்னாங்க, உங்க மாமியாரு?" என்றாள்.